எண்ணெய் விடாத ரதம்

ஆஸ்பத்திரியில் கட்டிலோ தள்ளுவண்டியோ சக்கர நாற்காலியோ, எது முனகினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். நர்சுகள் வைத்த பெயர் 'எண்ணெய் அண்ணன்'. சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, மூக்கு நீண்ட எண்ணெய்க் குப்பி இருக்கும்.

வீட்டில் மனைவியின் நாற்காலி மட்டும் கிரீச்சிட்டது. வாத்தியார் பிள்ளை மக்கு என்று அக்கம்பக்கம் சிரித்தது. சிரிக்கட்டும். ஒருமுறை சத்தமில்லாமல் நகர்ந்து போய்க் குளியலறைப் படியில் விழுந்து கிடந்தாள். அதிலிருந்து இடது சக்கரத்துக்கு அவர் எண்ணெய் காட்டவில்லை. அடுப்படிக் கதவை அகலத் திறந்து வைத்துச் சமைத்தால், அவள் எந்தப் பக்கம் போகிறாள் என்று அந்தக் கிரீச் சொல்லிவிடும்.

கால் செயலிழக்கும் முன் பள்ளிக்கூடத்தில் மொழிப்பாடம் எடுத்தவள். நாற்காலிக்கு ரதம் என்று பெயர் வைத்ததும் அவள்தான்.

"ரதம்ங்கிற சொல்லோட பழைய வேருக்கு ஓடுறதுன்னு அர்த்தம். சாரட்டும் காரும்கூட அப்படி ஓடுறதுலேருந்து பொறந்த ஒரே வயித்துப் பிள்ளைங்க, தெரியுமா? ரதத்துல அப்ப ராஜா ஏறினாரு. இப்ப மாப்பிள்ளை ஏறுறான், பொணம் ஏறுது. நடுவுல நான்."

"வாயை மூடு. டீ ஆறுது."

"பாரேன், சாரதிக்கு வர்ற கோவத்தை!"

மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி அவள் போய்ச் சேர்ந்தாள். கீழ்வீட்டுத் தையல்காரரின் அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தபோது, கேட்ட உடனே நாற்காலியைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் காலை தரைக்கடியிலிருந்து கிரீச். "தோ வந்துட்டேன்மா" என்று கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினார். முன்னறை காலியாக இருந்தது.

அதன்பின் அந்தச் சத்தத்துக்காகவே அடுப்படியில் நின்றார். "அண்ணே, ஒரு சொட்டு விட்டுடுங்களேன்" என்று தையல்காரர் கேட்கும்போதெல்லாம், "குப்பி காலிப்பா, நாளைக்கு" என்றார்.

கடைசியில் அந்தம்மாவே மாடிப்படிக்குக் கீழே உருட்டிக்கொண்டு வந்து கூப்பிட்டார்.

"தம்பி, நான் கக்கூஸ் போறதைத் தெருவுக்கே தண்டோரா போடுதுப்பா இது. மருமக முன்னாடி மானம் போகுது."

இறங்கிப் போய்க் குந்தினார். குப்பியின் மூக்கை அச்சில் வைத்தார். விரல் அமுங்கவில்லை.

"என்னப்பா, அடைச்சுக்கிச்சா?"

"ஆமாம்மா. கொஞ்சம்."

பிறகு அமுக்கினார். சக்கரத்தைச் சுழற்றிவிட்டார். அது வெகுநேரம், மூச்சுக்கூட விடாமல் சுற்றியது.

"அடேயப்பா, கைராசிக்காரன்!" என்றார் அந்தம்மா.

மேலே வந்து அடுப்பைப் பற்றவைத்தார். எத்தனையோ வருஷமாகத் திறந்தே கிடந்த அடுப்படிக் கதவை இழுத்துச் சாத்தினார்.