கரப்பான் தின்ற கோழிகள்

அறுபதுகளில், சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கு டிடிடி பூச்சிமருந்து அடிப்பது என் வேலை. கொசுவும் மூட்டைப்பூச்சியும் ஒழிகிறதென்று போகிற வீடுகளிலெல்லாம் காபி கொடுப்பார்கள்.

ஒரு வீட்டில் மட்டும் அக்கா ஒருவர் வாசலை மறித்து நின்றார். சுரங்க விபத்தில் கணவனைப் பறிகொடுத்துவிட்டு, கோழி வளர்த்துப் பிழைத்தவர்.

"போங்க தம்பி. போன தபா நீங்க வந்து போனதும் ஆறு கோழி செத்துச்சு."

"கோழி மேல நான் அடிக்கலியேக்கா."

"சுவத்துலதான் அடிச்சீங்க. கரப்பானெல்லாம் மல்லாந்து வுழுந்துச்சு. அதத் தின்ன கோழிங்க ஒதறி ஒதறிச் செத்துச்சுங்க. கூடைக்குள்ள அடை படுத்திருந்த ஒண்ணுதான் பொழைச்சுது."

எங்களை வேலை வாங்கும் மேஸ்திரியிடம் சொன்னேன். "கோழிக்கு ஏதாச்சும் சீக்கு வந்திருக்கும். மலேரியா வந்தா அந்தம்மாவா பாத்துக்கும்?" என்றார். மலேரியாவில் என் தங்கை கம்பளிக்குள் நடுங்கிக் கிடந்ததைப் பார்த்தவன் நான். அவர் சொன்னதே நியாயமாகப் பட்டது.

அடுத்த வருடம், பங்காருபேட்டையில் ரயிலுக்குக் காத்திருந்தபோது ஒரு பத்திரிகையில் சின்னக் கட்டுரை கண்ணில் பட்டது. இந்த மருந்து பூச்சி, புழுக்களின் உடம்பில் தங்கிவிடுகிறது, அவற்றைத் தின்னும் பறவைகள் சாகின்றன என்று வெளிநாடுகளில் எச்சரிக்கிறார்களாம். அந்தப் பத்திரிகையை வாங்கி வைத்துக்கொண்டேன். ஊர் திரும்பியதும் நேராக அக்கா வீட்டுக்குப் போய்ப் படித்துக் காட்டினேன். அவர் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டார்.

"இத நான் போன வருசமே சொன்னேனே. பேப்பர்ல வந்தாத்தான் நம்புவீங்களா?"

"தப்புதான்க்கா."

"சரி, இன்னா பண்ணலாம் சொல்லுங்க."

இருவரும் யோசித்தோம். அடுத்த முறை நான் மருந்தடிக்கப் போனபோது, அக்கா முதலில் கோழிகளைக் கூடையில் அடைத்தார். நான் மருந்து அடித்து முடித்ததும், விழுந்த கரப்பான்களை ஒன்று விடாமல் பெருக்கிக் குழியில் புதைத்தார். இரண்டு நாள் கழித்தே கோழிகளை வெளியே விட்டார். ஒன்றும் சாகவில்லை. பிறகு எல்லா வீடுகளிலும் அப்படியே செய்யச் சொன்னேன். வேலை இழுக்கிறதென்று மேஸ்திரி திட்டினார். திட்டட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆனாலும் அந்த வேலையை நான் விடவில்லை. மருந்தால் காய்ச்சல் குறைந்ததும் உண்மைதான். ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது. அதுவரை அந்த மருந்துத் தூளைத் தண்ணீரில் வெறுங்கையால்தான் கலக்கிவந்தேன். அதே கையால் என் மகளுக்குச் சோறும் ஊட்டியிருக்கிறேன். கட்டுரையைப் படித்த பிறகு கலக்குவதற்குக் குச்சியை எடுத்துக்கொண்டேன். ஏன் என்று மனைவி கேட்டபோது, கை அரிக்கிறது என்று மட்டும் சொன்னேன்.