மச்சான் பின்னிய கயிறு

நேற்று மதியம் தந்தி வந்தது. தூத்துக்குடியில் மரியதாஸ் அண்ணாச்சி காலமாகிவிட்டார். கலங்கிய கண்ணோடுதான் மதுரையில் பஸ் ஏறினேன். பாதி வழி தாண்டுவதற்குள் அவரை நினைத்துத் தனியே சிரிக்க ஆரம்பித்துவிட்டேன். பக்கத்து இருக்கைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார்.

யுத்தம் முடிந்த சமயம். சங்கு குளிப்பைக் கவனிக்கும் அலுவலகத்தில் அவர் தலைமை எழுத்தர். நான் அவருக்குக் கீழே. ஆங்கில உத்தரவுகளைத் தமிழில் எழுதுவது எங்கள் வேலை. தம் கையால் செய்து பார்க்காத எதற்கும் அவர் தமிழ் எழுத மாட்டார். அதனால் எந்த அறிவிப்பும் நேரத்துக்குப் போனதில்லை. துரையிடம் திட்டு வாங்கியது மட்டும் நான்.

அறுந்த கயிறுகளை 'ஸ்ப்ளைஸ்' செய்தே பயன்படுத்த வேண்டும் என்று ஒருநாள் உத்தரவு வந்தது. அகராதியை ஒரு புரட்டுப் புரட்டிவிட்டு, "முடிச்சுப் போட்டுச் சேர்க்கவும்" என்று எழுதி நீட்டினேன்.

"ஏலே, முடிச்சு படகு விளிம்புல சிக்கிட்டுன்னா, கீழ மூச்சு முட்டிக் கெடக்கவன் என்ன செய்வான்?" என்று கேட்டவர், என்னையும் இழுத்துக்கொண்டு கடற்கரைக்கு நடந்தார்.

அவருடைய தங்கை கணவர் அந்தோணி சங்கு குளிப்பவர். இரு முனைகளின் புரிகளையும் பிரித்து, ஒன்றுக்குள் ஒன்றாகப் பின்னிக் காட்டினார். அண்ணாச்சி பின்னிய முதல் மூன்றும் கோழி கிளறிய வைக்கோல். நான்காவது நின்றது.

"பின்னுனது நீங்க. பிடிக்கதும் நீங்கதான் மச்சான்," என்றார் அந்தோணி.

முங்குகிறவரின் கயிற்றை அவர் மனைவியின் உடன்பிறந்தவர்தான் பிடிப்பது அந்தக் கரையின் வழக்கம்; தங்கையின் தாலி அவர் கையில். அதுவரை அண்ணாச்சியின் தம்பிதான் பிடித்து வந்தார்.

மறுநாள் கடலுக்குப் போனோம். ஏரல் ஆற்றில் குளித்து வளர்ந்த நான் படகில் வாந்தியெடுத்துக் கிடந்தேன். அந்தோணி கல்லோடு இறங்கினார். அண்ணாச்சி கயிற்றைப் பிடித்துத் தண்ணீரையே பார்த்தபடி நின்றார். கயிறு அசைந்ததும் இழுத்தார். பின்னிய இடம் விளிம்பில் சிக்காமல் வழுக்கி ஏறி வந்தது. கைக்கொரு சங்கோடு அந்தோணி தலை தூக்கினார்.

"ஏலே, எழுது. புரிகளைப் பின்னி ஒன்றாக்கவும்," என்றார் அண்ணாச்சி, கயிற்றை விடாமலே. எழுதுகிற நிலையிலா இருந்தேன் நான்?

இன்று அடக்கம் முடிந்ததும், நரைத்துப்போன அந்தோணி என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அன்னைக்கு அந்தக் கயித்த நான் நம்பவே இல்ல, பாத்துக்கிடுங்க. மச்சான் கை நடுங்குனதப் பாத்தேன். அம்புட்டுப் பயப்படுதவரு கயித்த விடமாட்டாருன்னு பொறவுதான் தைரியமா இறங்குனேன்."

நிம்மதியாகப் போங்கள், அண்ணாச்சி. உங்களுக்காகத் திட்டு வாங்கியவன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு இன்றும் பெருமைதான்.