இரண்டிலும் ஒரே முடிவு

தர்மபுரியில் நான் வேலை பார்க்கும் ஆய்வகத்துக்குச் சிறுநீரைத் தானாகவே பரிசோதிக்கும் மெஷின் வந்தது. அதை எந்த அளவுக்கு நம்பலாம் என்று பார்க்கும் பொறுப்பு எனக்கும், பென்னாகரத்திலிருந்து பஸ்ஸில் வரும் என் சக டெக்னீஷியனுக்கும். என்னைவிட இளையவள். ஒவ்வொரு மாதிரியையும் அவள் மெஷினில் வைப்பாள். அதே மாதிரியைச் சுழலவிட்டு, அடியில் தங்குவதை ஸ்லைடில் எடுத்து மைக்ரோஸ்கோப்பில் நான் பார்ப்பேன். பிறகு இரண்டு முடிவுகளையும் ஒப்பிடுவோம்.

மெஷின் வேகமானதுதான். ஆனால் சில சமயம் ஈஸ்ட் கிருமியைப் பார்த்து ரத்த அணு என்று சொல்லிவிடும்.

"இதுக்கு மொதல்ல ஒரு கண்ணாடி வாங்கிப் போடணுங்கக்கா" என்று சிரிப்பாள்.

நோயில்லாதவர்களின் மாதிரிகளும் தேவைப்பட்டன. "என்னுது எடுத்துக்கலாம். குண்டுக்கல்லாட்டம் இருக்கறன்" என்று அவளே கொண்டுவந்து வைத்தாள்.

மெஷின் ரத்த அணுக்கள் ஏராளம் என்று காட்டியது. அவளுக்கு அது மாதவிலக்கு நாளும் இல்லை.

"மறுபடியும் ஒளறுது. நீங்க பாருங்கக்கா."

பார்த்தேன். ரத்த அணுக்களேதான். போதாததற்கு, மெஷின் சொல்லாத ஒன்றும் இருந்தது. அந்த அணுக்களே ஒட்டிச் சேர்ந்து, செங்கல் நிறத்தில், உருளை உருளையாக. சிறுநீரகத்துக்குள்ளேயே ரத்தம் கசிந்தால்தான் அப்படி வரும். லென்ஸிலிருந்து கண்ணை எடுக்க எனக்குப் பயமாக இருந்தது.

"என்னங்கக்கா, ஈஸ்ட்டுதானுங்களா?"

நான் நகர்ந்துகொண்டேன். அவள் குனிந்து பார்த்தாள். அவளும் இந்தத் தொழில் படித்தவள், யாரும் விளக்கத் தேவையில்லை.

"வேற குடு, இன்னொருக்கா பாக்கலாம்" என்றேன்.

மறுநாள் காலை கொடுத்தாள். மெஷினும் என் கண்ணும் மாறவில்லை. இவ்வளவு நாளும் இரண்டும் ஒத்துப்போகட்டும் என்று காத்திருந்தவள் நான். அன்று இரண்டில் ஒன்றாவது தப்பாக இருக்கக் கூடாதா என்று ஏங்கினேன்.

சேலம் ஆஸ்பத்திரியில் அவள் சிறுநீரகத்திலிருந்து துளி சதை எடுத்துப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் பாதிக்குமேல் போய்விட்டது என்றார்கள். மருந்தில் அவள் முகம் ஊதியது. பிறகு டயாலிசிஸ். அவளுடைய அம்மா தன் கிட்னியைத் தருவதாகச் சொல்லி எல்லாப் பரிசோதனைகளும் முடித்து வைத்திருந்தார். அதற்குள் நுரையீரலில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. அதிலேயே போய்விட்டாள்.

காரியம் முடிந்த அன்று வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த அவளுடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீதான மொதல்ல பாத்தவ. இன்னும் முன்னாடியே பாத்திருந்தா எம்புள்ள பொழச்சிருப்பாளா, சாமி?"

பிழைத்திருக்கக்கூடும் என்பது எனக்குத் தெரியும். தினமும் ஊரார் சிறுநீரையெல்லாம் பார்த்தோம், எங்களுடையதைப் பார்க்க எங்களுக்குத் தோன்றவே இல்லை. அதை அந்தத் தாயிடம் எப்படிச் சொல்வது? அவர் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். அவர்தான் என் முதுகைத் தடவிக்கொடுத்தார்.