சுள்ளி வைக்காத குடில்

கெர்ட்டுவுக்குத் தங்கை மேல் பொறாமை. சுற்றி வளைத்துச் சொல்ல இதில் ஒன்றும் இல்லை. பொறாமைதான், அதுவும் சோற்றை இறங்கவிடாத பொறாமை.

ஏரி ஆறு மாதம் கல்லாய் உறைந்து கிடக்கும் அந்த ஃபின்லாந்து வடகோடியில், வெளியூர்க்காரர்களைக் காட்டுக்குள் கூட்டிப்போவதுதான் அவள் பிழைப்பு. இருபது வருஷமாக அதே வேலை. ஆறு பேருக்கு மேல் ஒருவரைக்கூடச் சேர்க்கமாட்டாள். ஆரஞ்சுத் தோலைப் பனியில் போட்டால், போட்டவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் திரும்பிப்போய் எடுத்து வரவேண்டும். பனிமான்கள் சினையாக மேயும் சரிவுப் பக்கம், யார் கெஞ்சினாலும் எட்டிப் பார்க்க விடமாட்டாள். பேச்சும் அளவுதான். காட்டுக்குள் வாய்க்கு என்ன வேலை என்பாள்.

தங்கை சைமி தலைநகரில் ஓட்டல் வேலை பார்த்துவிட்டு மூன்று வருஷத்துக்கு முன் ஊர் திரும்பினாள். அக்காவின் தொழிலையே அவளும் எடுத்துக்கொண்டாள். அதே காடு, அதே கட்டுப்பாடு, அதே ஆறு பேர். ஆனால் சைமியின் கூட்டம் சிரித்துக்கொண்டே போகும், பாடிக்கொண்டே திரும்பும். பெற்ற தாயைக் கட்டிப்பிடிக்கவே நாலு தரம் யோசிக்கிற ஊர் அது. அங்கே, பஸ் ஏறுவதற்கு முன் விருந்தாளிகள் சைமியைக் கட்டிக்கொண்டு அழுதார்கள்! கெர்ட்டுவுக்கு இருபது வருஷத்தில் கிடைத்ததெல்லாம் கைகுலுக்கல். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். பிழைக்கட்டும், யார் வேண்டாம் என்றது? அந்தப் பிள்ளை சொந்தத் தங்கையாக வந்து பக்கத்து வீட்டிலேயே பிழைத்தால் வயிறு எரியாதா?

கெர்ட்டுவிடம் மாறாமல் வந்துகொண்டிருந்தவர்கள் சுவிட்சர்லாந்து தம்பதி ஊர்ஸும் வெரேனாவும்தான். ஒவ்வொரு மார்ச்சும் வந்துவிடுவார்கள். இந்த முறை வந்த அன்று மாலையே, கடையில் வெரேனா சைமியின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ கிசுகிசுத்ததைக் கெர்ட்டு பார்த்தாள். இவளைக் கண்டதும் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள்.

போச்சு, இவர்களும் போனார்கள் என்றது மனசு. இவர்களும் போய்விட்டால் தன் இருபது வருஷத்துக்கு என்ன மரியாதை என்று இரவெல்லாம் புரண்டாள்.

மறுநாள் கெர்ட்டுவும் அந்தத் தம்பதியும் பனிச்சறுக்குக் கட்டைகளை மாட்டிக்கொண்டு கிளம்பி நடுப்பகலுக்குக் காட்டுக் குடிலை அடைந்தார்கள். அந்தக் குடிலுக்குப் பூட்டு கிடையாது. யாரும் வரலாம், அடுப்பு மூட்டிக் குளிர் காயலாம். கிளம்பும்போது மட்டும், அடுத்து வருகிறவருக்காக அடுப்பருகே உலர்ந்த விறகும் மெலிதாய்ச் சீவிய சுள்ளியும் வைத்துவிட்டுப் போகவேண்டும். விரல் மரத்துப்போய் வருகிறவன் ஒரே தீக்குச்சியில் பற்றவைக்க வேண்டாமா? குடிகாரன்கூட அங்கே இதை மறக்கமாட்டான். முந்தினவர் வைத்திருந்த சுள்ளியில்தான் கெர்ட்டுவும் காப்பி போட்டாள், தொத்திறைச்சி சுட்டாள்.

கிளம்பும்போது ஜன்னல் வழியே தூரத்தில் சைமியின் கூட்டம் வருவது தெரிந்தது. சைமிக்குக் கோடரி பிடிக்க வராது, சின்ன வயதிலிருந்தே வராது. கெர்ட்டு கையிலெடுத்த கோடரியைத் திரும்பச் சுவரில் மாட்டினாள். தடுமாறட்டும். புகையில் இருமட்டும். விருந்தாளிகள் முன்னால் அப்போதும் பல்லைக் காட்டிச் சிரிக்கிறாளா பார்க்கலாம்.

"சுள்ளி சீவி வைக்கலையா?" என்றார் ஊர்ஸ். "எப்பவும் வைப்பீங்களே."

"நேரமில்ல. கிளம்புங்க."

எதிரிக்குச் சகுனத்தடை ஆகவேண்டும் என்று தன் மூக்கை அறுத்துக்கொண்டவன் கதை இதுதான். அறுக்கும்போது வலிக்கவில்லை, சுகமாகக்கூட இருந்தது.

ஏரியைத் தாண்டி அக்கரையில் சாய்கூரை ஒன்றின் அடியில் ஓய்வுக்கு நின்றார்கள். கொஞ்ச நேரத்துக்கெல்லாம் ஏரி மேல் ஒரு வரிசை தெரிந்தது. எல்லோருக்கும் முன்னால் சைமி, துரத்தப்பட்டவள் மாதிரி வந்துகொண்டிருந்தாள். குடிலில் உட்காராமலா வந்துவிட்டாள்?

"அக்கா! யாருக்கு அடி? காலா, நெஞ்சுவலியா? சொல்லேன்!" இமையெல்லாம் பனி. மூச்சு வாங்கியது. தோள்பையைக் கழற்றி மருந்துப்பெட்டியைத் தேடினாள்.

"யாருக்கும் ஒண்ணும் இல்லையே."

"ஒண்ணும் இல்லையா? குடில்ல ஒரு சுள்ளி இல்ல! உயிர் போற அவசரம்னாதான் நீ அப்படி விட்டுட்டுப் போவே. போன் வேற எடுக்கல. இவங்களை ஒரு வாய் காப்பி குடிக்க விடாம இழுத்துட்டு வந்தேன். பாவம், இந்தப் பெரியவருக்குக் கை விறைச்சுப்போச்சு."

பெரியவர் கைகளை அக்குளில் செருகிக்கொண்டு நின்றார். வந்தவர்கள் அத்தனை பேரும் கெர்ட்டுவைக் கவலையோடு பார்த்தார்கள். மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கோடரியை மாட்டியதை ஊர்ஸ் பார்த்திருந்தார்.

"வேணும்னேதான் விட்டேன்" என்றாள் கெர்ட்டு. "நீ கஷ்டப்படணும்னுதான். எல்லாரும் உன்னையே கொண்டாடுறாங்க. எனக்கு வயித்தெரிச்சல்டி. இப்ப இவங்களும் உன்கிட்ட வரப்போறாங்க."

வெரேனா கோபமாகவே சொன்னாள்: "வரலாமான்னு கேட்டது நிஜம். நேத்து கடையில கேட்டோம். 'அக்கா விருந்தாளிங்களை நான் சேர்த்துக்க மாட்டேன், அவளை மாதிரி இந்தக் காட்டைத் தெரிஞ்சவ யாருமில்ல'ன்னு சொல்லிட்டா. போதுமா?"

கெர்ட்டு குனிந்துகொண்டாள். குடுவையில் மிச்சமிருந்த காப்பியைக் கோப்பையில் ஊற்றி அந்தப் பெரியவரிடம் நீட்டினாள்.

சைமி திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது. சைமி மருந்துப்பெட்டியை மெல்லப் பைக்குள் வைத்து மூடினாள்.

"வழியெல்லாம் என்னென்னமோ நினைச்சேன்க்கா" என்றாள். "ஐஸ் உடைஞ்சு விழுந்துட்டியோன்னுகூட நினைச்சேன். இது மட்டும் எனக்குத் தோணவே இல்ல."

அப்படித் தோன்றாத ஒரு மனசு. அதுவும் அவளுக்குத்தான் வாய்த்திருக்கிறதே என்று, அந்த நிமிஷத்திலும் கெர்ட்டுவுக்குப் பொறாமையாக இருந்தது.