ஞானம்மாளுக்கு வந்த துளசிங்கத்தின் பக்கம்

2003ஆம் ஆண்டு. குரோம்பேட்டையில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் ஐந்து பேர் வேலை பார்த்த கம்பெனியில் நிகத் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. தாம்பரத்துப் பெண். கணிதம் படித்துவிட்டு, கம்ப்யூட்டர் சென்டரில் இணையதளம் எழுதும் ஏ.எஸ்.பி. முறையைக் கற்றவள். அவள் தனியாக எழுதி முடித்த முதல் வேலை ஒரு திருமணத் தகவல் மையத்தின் இணையதளம்.

தளம் திறந்த இரண்டாவது வாரம், அஸ்தினாபுரத்திலிருந்து ஞானம்மாள் ஃபோன் செய்தார். மகனுக்குப் பெண் தேடுகிறவர்.

"ஏம்மா, என் பேரைப் போட்டுத்தான் உள்ள போறேன். கொஞ்ச நேரத்துல 'வணக்கம் துளசிங்கம்'னு வருது. அவரு பொண்ணு போட்டோ, வீட்டு நம்பர் எல்லாம் தெரியுது. யாரும்மா அவரு?"

நிகத் பத்து முறை உள்ளே போய்ப் பார்த்தாள். பத்து முறையும் சரியாகவே இருந்தது.

"எதையாவது மாத்தி அமுக்கியிருப்பாங்க. விடும்மா," என்றார் முதலாளி ராஜாராமன்.

"எதை அமுக்கினாலும் இன்னொருத்தர் பேரு எப்படி சார் வரும்?"

யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்ற அன்றைய பதிவுகளைச் சர்வரில் தேடினாள். ஞானம்மாள் வந்தது பதினொன்று நாலுக்கு. துளசிங்கம் வந்தது பதினொன்று ஒன்பதுக்கு. அப்படியென்றால் இருவரும் ஒரே நேரத்தில் உள்ளே இருந்திருக்கிறார்கள்! பக்கத்து மேஜை கிறிஸ்டினாவைக் கூப்பிட்டாள்.

"அக்கா, உங்க மெஷின்ல ஒரு பேர்ல உள்ள போங்க. நான் இங்க வேற பேர்ல வரேன். ம், இப்போ அந்தப் பக்கத்தைத் திரும்ப எடுங்க."

"ஐயோ, உன் பேரு வருதுடி!"

நிகத் கைதட்டிச் சிரித்துவிட்டாள். அடுத்த நொடியே முகம் வெளிறியது. தப்பு அவளுடையது. உள்ளே வந்தவர் யார் என்பதை அவள் நிரலில் தகவல் வைக்கும் இடங்களில் ஒன்றான 'அப்ளிகேஷன்' மாறியில் வைத்திருந்தாள். அது தளம் முழுவதற்கும் ஒன்றுதான். கடைசியாக வந்தவர் பெயர் முந்தையதை அழித்துவிடும். 'செஷன்' மாறியில் வைத்திருந்தால் ஆளுக்கு ஒன்று தனியாக இருந்திருக்கும். தளத்தை எழுதிய மூன்று மாதமும் அவள் ஒருத்தியே சோதித்ததால் இது தெரியவே இல்லை.

ராஜாராமனிடம் சொல்லித் தளத்தை மூடிவைத்து, அந்த மாறி இருந்த பதினொரு பக்கங்களையும் மதியத்துக்குள் திருத்தினாள். பிறகு அவளே ஞானம்மாளுக்கு ஃபோன் செய்தாள்.

"நான்தாம்மா தப்பா எழுதிட்டேன். இப்போ சரி பண்ணிட்டேன்."

"என் பையன் போட்டோவை யாரெல்லாம் பார்த்தாங்க?"

"தெரியலம்மா. மன்னிச்சிடுங்க."

"போட்டோவை மட்டும் எடுத்துடு. மத்தது இருக்கட்டும்," என்றார் ஞானம்மாள். துளசிங்கத்துக்கு ராஜாராமனே பேசினார். அவர் கோபித்துக்கொண்டு தளத்திலிருந்து விலகிவிட்டார்.

சாயங்காலம் நிகத்துக்கு வேறொரு சந்தேகம். ஆள் எழுந்து போய்விட்டால் சர்வருக்கு எப்படித் தெரியும்? கிறிஸ்டினாவைக் கேட்டாள். தெரியாதாம், இருபது நிமிடம் அந்த ஆள் எந்தப் பக்கத்தையும் கேட்காவிட்டால் போய்விட்டதாக நினைத்துக்கொள்ளுமாம். நடுவில் ஒருமுறை ஏதாவது பக்கத்தை எடுத்தாலும் கணக்கு மறுபடி முதலிலிருந்து. தளத்துக்குள் போய்விட்டு, கிறிஸ்டினா டீக்குக் கூப்பிட்டும் போகாமல், மவுஸைத் தொடாமல், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். இருபத்தோராவது நிமிடம் ஒரு இணைப்பை அமுக்கினாள். தளம் அவளிடம் மறுபடியும் பாஸ்வேர்டு கேட்டது.