காலுறை மீனும் கைவலையும்

சோப்புத் தண்ணீரில் ஊறிய காலுறையைப் பையிலிருந்து எடுத்து, கடையில் தொங்கும் அடுத்த வலையின் வாய்க்கு நேரே பிடிக்கிறார் அக்கா. காலுறைக்குள் மணல் நிரப்பி வாயைத் தைத்து மூடியிருக்கிறது. தூக்கினால் ஒரு நல்ல மீனின் எடை. வலையின் கைப்பிடியை இடது கையில் பற்றிக்கொண்டு காலுறையை விடுகிறார். அது வழுக்கிக்கொண்டு வலைக்குள் விழுகிறது. விழுந்த வேகத்தில் வலையின் வளையம் ஒருபக்கமாகத் திரும்பிக்கொள்ள, காலுறை தரையில் கிடக்கிறது.

"இதுவும் தேறாது" என்று வலையை மறுபடி ஆணியில் மாட்டுகிறார்.

தூண்டில் கடைக்காரர் துடைக்கும் துணியோடு வருகிறார். "அக்கா, இது கடையா, குளமா?"

"குளமா இருந்தா இந்நேரம் நாலு மீனாவது கண்ணுல பட்டிருக்கும் தம்பி."

சனிக்கிழமைதோறும் இதே கூத்துதான். அக்கா என்றுதான் ஊரே அவரைக் கூப்பிடுகிறது, அவரைவிட வயதில் மூத்தவர்கள்கூட. ஆஸ்பத்திரிகளுக்கும் விடுதிகளுக்கும் படுக்கை விரிப்பு வெளுத்துக் கொடுக்கும் பெரிய சலவைக்கூடம் ஒன்றில் துணி பிரிக்கும் மேசையில் அவருக்கு வேலை. காலுறை அங்கிருந்து வந்ததுதான். "ஜோடி தொலைச்ச காலுறைக்கு எங்க கூடத்துல பஞ்சமே இல்ல. மனுஷனுக்கு ஜோடி போனா ஊரே பேசும். காலுறையை யாரும் ஒரு வார்த்தை கேக்கறதில்ல."

முன்பு அவர் துணி பிரிக்கும் மேசையில் இல்லை, இஸ்திரி உருளையில் இருந்தார். கொதிக்கும் இரண்டு உருளைகளுக்கு நடுவே விரிப்பைக் கொடுத்தால் மறுபக்கம் மடிப்பில்லாமல் வரும். உருளைக்கு முன்னால் ஒரு காப்புக்கம்பி உண்டு. கை அதில் பட்டால் மிஷின் நின்றுவிடும். அடிக்கடி நிற்கிறது, வேலை கெடுகிறது என்று அப்போதைய மேற்பார்வையாளர் அந்தக் கம்பியைக் கழற்றிவிட்டார். அந்த வாரமே அக்காவின் இடது கையில் கட்டைவிரல் தவிர மற்ற நான்கும் போயின. விசாரணை நடந்தது. "தொழிலாளியின் கவனக்குறைவு" என்று முடிவெழுதினார்கள். அந்த உருளையே பேனா பிடித்திருந்தால்கூட இவ்வளவு துணிச்சலாக எழுதியிருக்காது.

"கவனம் என்கிட்ட இருந்துச்சு. கம்பிதான் மிஷின்ல இல்ல" என்பார் அக்கா, யார் கேட்டாலும் அதே குரலில். எல்லாம் தலையெழுத்து என்று ஆறுதல் சொல்ல வந்த சொந்தக்காரர் ஒருவருக்குக் கூடுதலாக ஒரு கேள்வியும் கிடைத்தது. "தலையெழுத்துக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியுமா சித்தப்பா? கம்பியைக் கழட்டினது ஸ்பேனர்." சித்தப்பா காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். வேலைக்கு வந்ததும் ஒவ்வொரு மிஷினாகப் போய், காப்புக்கம்பியைக் கால் நுனியால் ஓர் உதை. புது மேற்பார்வையாளருக்கு இது கௌரவக் குறைவாகப் படுகிறது.

"என்னம்மா, தினமும் எதுக்கு உதைக்கறீங்க?"

"கழண்டிருந்தா சத்தம் வேற மாதிரி வரும் சார். கேட்டுட்டுப் போறேன்."

ஆறு அவருக்குக் கணவர் வழியாக வந்தது. கணவர் பேருந்து ஓட்டுநர், ஞாயிற்றுக்கிழமை மீன்பிடிக்காரர். இறகையும் நூலையும் கொக்கியில் கட்டிப் பூச்சி போலச் செய்து, அதை ஓடும் தண்ணீரின் மேல் வீசிப் பிடிக்கிற வகை. காயம் ஆறிய காலத்தில் சும்மா கூட வந்த அக்கா, ஒருநாள் அவர் கையிலிருந்த தூண்டில் கழியை வாங்கி வீசினார். அதோடு கணவரின் மீன்பிடி வாழ்க்கை முடிந்தது. "கழியைக் குடுத்தேன், நிழல்ல ஓர் இடம் கிடைச்சுது. எனக்கு நஷ்டமில்ல" என்பார் அவர். அக்கா வலது கையில் கழி பிடிப்பார். நூலை இடது கட்டைவிரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவே அழுத்துவார். அவசரமானால் பல்லால் கவ்வுவார். மீன் களைத்துப் பக்கத்தில் வந்ததும் கழியை உயர்த்தினால், இடப்பக்கத்திலிருந்து கணவரின் வலை வரும். மீனைப் பார்ப்பார்கள், விட்டுவிடுவார்கள். ஆண்டுக்கணக்கில் இப்படித்தான் நடந்தது.

பிறகு மீன்பிடிச் சங்கம் ஒரு சட்டம் போட்டது. தன் மீனைத் தானே வலையில் ஏந்த முடியாதவர்கள் துணையோடுதான் தண்ணீரில் இறங்க வேண்டுமாம். பாதுகாப்புக்காகவாம். முந்தைய வருஷம் பாறையில் வழுக்கி இடுப்பை முறித்துக்கொண்டவர் சங்கத்தின் பொருளாளர், பத்து விரலும் பத்திரமாக உள்ளவர். அவருக்கு ஒரு சட்டமும் வரவில்லை. பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தார்கள். சட்டம் பிடித்தது இரண்டே பேரை. ஒருவர் அக்கா. இன்னொருவர் கை நடுக்கம் உள்ள ஓய்வுபெற்ற தபால்காரர். மனைவியை இழந்தவர், துணைக்கு ஆளில்லாதவர். இறங்க முடியாது என்று தெரிந்தும் ஞாயிறுதோறும் ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு வந்து பாலத்துச் சுவரில் உட்கார்ந்திருப்பார்.

அக்காவுக்குத்தான் கணவர் இருக்கிறாரே என்றால், அதற்கும் வந்தது வினை. அடுத்த மாதத்திலிருந்து எல்லா ஞாயிறும் அவருக்குப் பேருந்தில் வேலை. அக்கா நேரே சங்கச் செயலாளரிடம் போனார். நானே மீனை ஏந்திக் காட்டுகிறேன், காட்டினால் விடுவீர்களா என்று கேட்டார். செயலாளர் நல்ல மனிதர், அதாவது யாருக்கும் இல்லையென்று சொல்ல அஞ்சுகிறவர். அந்த மாதக் கடைசி ஞாயிறன்று தானே வந்து பார்ப்பதாகச் சொன்னார். முடியாவிட்டால் சட்டம் சட்டம்தான். அக்காவுக்கு ஆறு அன்றோடு சரி.

ஆகவே வலை வேட்டை. முதலில் ஏமாந்தது அழகுக்கு. வழவழவென்று இழைத்த மரவளையம், குட்டிக் கைப்பிடி, முதுகில் மாட்டிக்கொள்ளக் காந்தக் கொக்கி. ஆசையாக வாங்கிப் போய், ஆற்றில் நல்ல மீன் ஒன்றைக் கொட்டிவிட்டு வந்தார். நாலு விரல் இல்லாத கைக்குள் உருண்டைப் பிடி நிற்பதில்லை, சுழல்கிறது. "பொண்ணு பாக்கப் போன மாதிரி மூக்கும் முழியும் பாத்து வாங்கிட்டேன்" என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் காலுறை மீன் பிறந்தது. அலுமினிய வளையம் கனம் குறைவு, ஆனால் அதுவும் சுழன்றது. முடிச்சுப் போட்ட நைலான் கண்ணிகள் மீனின் செதிலைச் சிராய்த்தன, கொக்கியையும் சிக்கவைத்தன. ரப்பர் கண்ணி மீனுக்கு நல்லது, ஆனால் நனைந்தால் கனத்தில் கை இறங்கிப்போகிறது.

கடைசியில் கடையின் மூலையில், படகிலிருந்து பிடிப்பவர்களுக்கென்று வைத்திருந்த, நீளக் காம்பு வைத்த ரப்பர் வலையை எடுத்தார். பார்க்க வடை அள்ளும் கரண்டிபோல் இருந்தது.

"அக்கா, அது ஓடையில இறங்கி நிக்கறவங்களுக்கு இல்ல. காம்பு உங்க உயரம் இருக்கு."

"ரம்பம் எதுக்கு இருக்கு?"

காம்பு முழங்கை அளவுக்கு அறுக்கப்பட்டது. கணவர்தான் அறுத்தார், "பஸ்ஸை மட்டும் அறுக்கச் சொல்லாதே" என்று முனகிக்கொண்டே. அறுத்த நுனியில் ஒரு பட்டை. ரத்த அழுத்தம் பார்க்கக் கையில் சுற்றுவார்களே, அது. குழாய் கிழிந்த ஒன்று ஆஸ்பத்திரி விரிப்போடு சுருண்டு வந்திருந்தது. திருப்பிக் கொடுக்கப் போனபோது தூக்கிப் போடச் சொல்லிவிட்டார்கள். "குண்டுக் கை, ஒல்லிக் கை, எந்தக் கைக்கும் சேரும்" என்று அக்கா அதைக் காம்போடு திருகாணி வைத்து முடுக்கினார். இப்போது காம்பு முன்கையோடு ஒட்டிக் கிடக்கும். விரல்கள் செய்யாததை முழங்கை செய்யும். கடைக்கே கொண்டுபோய்க் காலுறையைப் போட்டுக் காட்டினார். வளையம் அசையவில்லை.

கடைக்காரருக்கு மகிழ்ச்சிதான், ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "புது வலையை முதல் மீனுக்கு முன்னாடி நனைக்கக் கூடாதும்பாங்க அக்கா. ராசி போயிடுமாம்."

"எங்க கூடத்துத் தொட்டியில நேத்தே முக்கி எடுத்துட்டேன். போன ராசி மறுபடி வந்தா உக்கார வச்சிரு, ஞாயித்துக்கிழமை கழிச்சு வந்து பேசிக்கறேன்."

ஞாயிறு காலை செயலாளர் பாறைமேல் நின்றார். கணவர் கரையில், தபால்காரர் வழக்கம்போல் பாலத்துச் சுவரில். அக்கா இறங்கி வீசினார். சீக்கிரமே ஒரு மீன் கடித்தது. நன்றாக விட்டுப் பிடித்து, களைக்கவைத்து, அருகில் கொண்டுவந்தார். கழியை உயர்த்தினார். உயர்த்திவிட்டு, இடப்பக்கம் திரும்பிக் காத்திருந்தார்.

வலை வரவில்லை. அது அவருடைய கையிலேயே கட்டியிருந்தது. கரையில் கணவர் பாதி எழுந்து, தன்னையே பிடித்து உட்காரவைத்துக்கொண்டார். மீன் ஒரு துள்ளு துள்ளிக் கொக்கியை உதறிவிட்டுப் போயிற்று.

"பரவாயில்ல மேடம், இன்னொரு நாள்..." என்றார் செயலாளர்.

"நாள் இன்னும் முடியல சார்." தண்ணீரிலேயே நின்று, "உங்களைத்தான் முதல்ல மறக்கணும் போல" என்று கணவரைப் பார்த்துக் கத்தினார்.

"தாராளமா மறந்துக்கோ. சோறு போடறப்ப மட்டும் ஞாபகம் வச்சுக்கோ."

இரண்டாவது மீன் கடிக்க வெயில் ஏறிவிட்டது. இம்முறை அக்கா இடப்பக்கம் பார்க்கவில்லை. நூலைப் பல்லால் கவ்வினார். முன்கையைத் தாழ்த்தி வலையைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி அசையாமல் பிடித்தார். மீனைத் துரத்தாமல், மீனை வலையின் மேலே நடத்திவந்தார். கை எழுந்தது. வளையத்துக்குள் மீன் வளைந்து புரண்டது. வளையம் திரும்பவில்லை. கணவர் விசிலடித்தார்.

"பிரமாதம் மேடம்!" செயலாளர் உண்மையாகவே கைதட்டினார். "இனிமே உங்களுக்குத் துணை வேண்டாம். உங்களுக்கு மட்டும் விலக்குன்னு இன்னைக்கே சொல்லிடறேன்."

"எனக்கு மட்டுமா?"

"உங்களுக்கு மட்டும்தான். மத்தவங்களுக்கெல்லாம் இது ஒத்துவருமா, சொல்லுங்க?"

அக்கா கொக்கியை எடுத்துவிட்டு வலையை நீருக்குள் கவிழ்த்தார். மீன் ஒரு கணம் அவர் காலடியில் நின்று, பிறகு காணாமல் போயிற்று. கரையேறி நேரே பாலத்துச் சுவருக்குப் போனார். போகும்போதே பட்டையைப் பல்லால் பிரித்தார். அது பர்ரென்று சத்தம் போட்டது.

"அண்ணே, கையை நீட்டுங்க."

தபால்காரர் செயலாளரைப் பார்த்தார், பிறகு நீட்டினார். கை ஆடியது. அக்கா கட்டைவிரலால் பட்டையின் நுனியை அவர் முன்கைமேல் அழுத்திக்கொண்டு, வலது கையால் சுற்றி இறுக்கினார்.

"சார், அங்கயே நில்லுங்க, இன்னும் ஒருத்தர் பாக்கி" என்றார் திரும்பிப் பார்க்காமல்.

பிறகு, தொங்கிய வளையத்தைக் கால் நுனியால் ஓர் உதை உதைத்து, தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்டார்.