வலப்பக்கம் திருப்பினால் இறுகும்

எங்கள் வீட்டில் எனக்கு ஓட்டைவாய் என்று பெயர். அந்தப் பெயர் வந்ததற்கு அம்மா நிறையக் காரணங்கள் சொல்வாள். எதையும் நான் மறுத்ததில்லை. ஆனால் அவளுக்கே தெரியாத ஒன்று இருக்கிறது. அன்று அவள் வேலைக்குப் போயிருந்தாள்.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அப்பா ஃபிட்டராக இருந்த கம்பெனி கேட்டை மூடி ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. திறந்துவிடுவார்கள் என்று முதலில் தினமும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு வாரத்துக்கு ஒருமுறை போனார். பிறகு வீட்டிலேயே இருந்துவிட்டார். அம்மா வேறொரு கம்பெனிக்கு பேக்கிங் வேலைக்குப் போக ஆரம்பித்தாள். அப்பா தினமும் சவரம் செய்வதை விட்டார், சர்ச்சுக்கு வருவதையும் நிறுத்தினார். பார்க்கிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி மாளாது என்பது அவர் கட்சி. ஸ்பேனரும் திருப்புளியும் இருந்த அவருடைய இரும்புப் பெட்டி கட்டிலுக்கடியில் கிடந்தது. அதன் மேல் அம்மா வெங்காயக் கூடையை வைத்திருந்தாள்.

அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, கவரைப்பேட்டையில் ஒற்றை அறை எடுத்துத் தங்கி ஷிஃப்ட் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சர்ச் பாடகர் குழுவில் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிப்பார். யாரோ வாசித்துத் தள்ளிய பழைய சிவப்புக் கிட்டார். அதன் தலையில் பக்கத்துக்கு மூன்றாக ஆறு காதுகள் இருக்கும். அவற்றைத் திருப்பித்தான் கம்பியை இறுக்கிச் சுருதி சேர்க்க வேண்டும். சித்தப்பா அவற்றைக் ‘கீ’ என்பார். கீக்களின் பற்கள் தேய்ந்துபோய், பாட்டு நடக்கும்போதே கம்பி தளர்ந்துவிடும். ஸ்தோத்திரப் பாட்டாக ஆரம்பித்தது ஒப்பாரியாக முடியும்.

ஒரு சனிக்கிழமை சித்தப்பா கிட்டாரையும், மெட்ராஸில் வாங்கிய புதுக் கீக்களையும் கம்பிகளையும் கொண்டுவந்து அப்பா முன்னால் வைத்தார். ஒரு தகட்டில் மூன்று கீ, அப்படி இரண்டு தகடு.

“ண்ணா, இத்த நீதான் மாத்திக் குடுக்கணும். அடுத்த வாரம் ஞாயித்துக்கெழம அறுப்புப் பண்டிக. எனக்கு ஒரு ஸ்க்ரூ கழட்டக்கூடத் தெரியாது.”

“கடையில குடேன்.”

“அவன் பேஜாரு புடிச்சவன்ணா. நீன்னா நம்பிக் குட்த்துட்டுப் போவேன்.”

அப்பா கிட்டாரின் தலையைத் திருப்பிப் பின்பக்கத் திருகாணிகளைப் பார்த்தார். பிறகு வெங்காயக் கூடையை எடுத்துக் கீழே வைத்தார்.

இரண்டு நாள் அந்த வேலை நடந்தது. டார்ச் பிடிப்பது என் பொறுப்பு. பழைய திருகாணித் துளைகள் பெரிதாகிவிட்டன என்று துடைப்பக் குச்சியைச் சீவி, பசை தடவித் துளைகளில் அடைத்தார். காயும்வரை என்னைக்கூடத் தொடவிடவில்லை. பழைய கீயைத் திருப்பிப் பார்த்தபோதுதான் அவருக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. இடப்பக்கம் திருப்பினால் அது கம்பியை இறுக்கியது.

“பாத்தியா, ரிவர்ஸ்ல மாட்டிகீறான். அதான் லூஸாவுது. வலப்பக்கம் திருப்புனா டைட்டாவணும். ஒலகத்துல எல்லா போல்ட்டும் அப்டித்தான் கீது.”

கிட்டார் கீ இடப்பக்கம் திருப்பினால்தான் இறுகும் என்பது அவருக்குத் தெரியாது. இருபது வருடம் வால்வும் போல்ட்டும் திருப்பிய கை அவருடையது. இடது தகட்டை வலப்பக்கமும் வலது தகட்டை இடப்பக்கமும் மாற்றி மாட்டினார். இப்போது எல்லாக் கீயும் குழாய் மூடுவதுபோல வலப்பக்கம் திரும்பி இறுகின. அன்று சாயங்காலம் அம்மாவிடம், மெயின் ரோட்டு ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர் கேட்கிறார்கள், முதலாளி ஊரிலிருந்து வந்ததும் போய்ப் பார்க்கிறேன் என்றார். அம்மா வெங்காயக் கூடைக்கு வேறு இடம் பார்த்தாள்.

அறுப்புப் பண்டிகைக்கு அப்பா சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து இரண்டாம் வரிசையில் உட்கார்ந்தார். சபையார் காணிக்கையாகக் கொண்டுவந்த பூசணிக்காயும் வாழைத்தாரும் கால் கட்டிய கோழிகளும் பீடத்துக்கு முன்னால் குவிந்திருந்தன. இரண்டாவது பாட்டில் கம்பி ஒன்று லேசாக இறங்கியது. புதுக் கம்பி என்றால் இறங்கத்தான் செய்யும். சித்தப்பாவின் கை பழக்கப்படி இடப்பக்கம் திருப்பியது. இன்னும் இறங்கியது. இன்னும் திருப்பினார். கம்பி தொளதொளவென்று தொங்கிப்போனது. பதறிப்போய் மறுபக்கம் வேகமாகத் திருப்ப, பட்டென்று அறுந்தது. பாட்டு நின்றது. ஒரு கோழி மட்டும் கத்தியது. எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

வெளியே வந்ததும் அப்பா கேட்பதற்கு முன்பே சித்தப்பா முந்திக்கொண்டார்.

“கம்பி டூப்ளிகேட்டுண்ணா. ஏமாத்திட்டான். கீ கல்லு மாதிரி நிக்குது.”

அப்பாவின் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன்.

அந்த வாரம் பள்ளிக்கூடம் லீவு. சித்தப்பா என்னை பைக்கில் தன் அறைக்குக் கூட்டிப்போனார். போனதும் கிட்டாரை மடியில் போட்டு, கம்பிகளைத் தளர்த்தி, தகடுகளைக் கழற்றி, பக்கம் மாற்றி மாட்டினார். அலமாரியில் சொந்தமாகவே ஒரு திருப்புளி செட் வைத்திருந்தார். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஸ்க்ரூ கழற்றத் தெரியாத சித்தப்பாவா இவர் என்று நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

“உங்க நைனா வேல சுத்தம். ஒரு ஸ்க்ரூகூட ஆடல பாரு. என் கைக்குத்தான் இந்தப் பக்கம் பழகிப்போச்சு,” என்றார். பிறகு ஒரு க்ரீம் பிஸ்கட் பாக்கெட்டை என்னிடம் கொடுத்து, “நைனா கேட்டா, கீ நல்லா கீதுன்னு சொல்லு,” என்றார்.

சொன்னபடியே சொன்னேன். அதோடு நிறுத்தாததுதான் வினை.

மறுநாள் அப்பா பெட்டியைத் திறந்து ஸ்பேனர்களுக்கு எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை ஒர்க்‌ஷாப் முதலாளி வருவதாகச் சேதி வந்திருந்தது. துடைத்துக்கொண்டே கேட்டார்.

“கிட்டாரு எப்டிகீது?”

“நல்லா கீது நைனா. சித்தப்பா ரெண்டு தகட்டையும் கழட்டிப் பக்கம் மாத்திட்டாரு.”

“யாரு, அவனேவா?”

“ஆமா. அர மணி நேரத்துல முடிச்சிட்டாரு. உன்ன மாதிரி ரெண்டு நாள் ஆவல.”

சித்தப்பாவின் சாமர்த்தியத்தைப் புகழ்வதாகத்தான் எனக்கு நினைப்பு. அப்பா கோபப்படவில்லை. கையிலிருந்த ஸ்பேனரை ஒருமுறை பார்த்துவிட்டுப் பெட்டிக்குள் வைத்தார். “அவனுக்குத் தெரியுமா அப்ப,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

திங்கட்கிழமை அவர் ஒர்க்‌ஷாப்புக்குப் போகவில்லை. தலைவலி என்றார். அடுத்த மாதம் ஒரு கம்பெனி வாசலில் லாரி நம்பர் எழுதும் செக்யூரிட்டி வேலைக்குச் சேர்ந்து, ஓய்வுபெறும்வரை அதையே பார்த்தார். இரும்புப் பெட்டியைப் பழைய இரும்புக்காரன் தூக்கிப்போனான். சித்தப்பா அதற்குப் பிறகும் ஓடாத ஃபேன், மக்கர் செய்யும் மோட்டார் என்று ஏதாவது கொண்டுவந்து பார்த்தார். “கடையில குடு” என்று மட்டும் அப்பா சொல்வார்.

தன் வேலையைத் தம்பி மாற்றிவிட்டானே என்றுதான் அப்பாவுக்கு வருத்தம் என்று அப்போது நினைத்தேன். அப்பாவுக்கு மறுபடியும் ஒரு வேலை வேண்டும் என்பதற்காகவே சித்தப்பா அந்தக் கிட்டாரைக் கொண்டுவந்தார் என்பது எனக்குத் தெரியவில்லை. அதை நான் அப்பாவிடம் சொல்லிவிட்டேன் என்பதும் தெரியவில்லை. அடுத்து எதையாவது கழற்றும்போது டார்ச் பிடிக்க என்னைக் கூப்பிடுவார் என்று அதில் புது பேட்டரி போட்டு ரொம்ப நாள் வைத்திருந்தேன்.